1526-ல் என்ன சமைப்பது?

காலத்தைத் தாண்டிப் போகிற சினிமா என்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம். வெள்ளைக்காரர்கள் எடுத்தால் கதாநாயகன் நடுக்கால ஐரோப்பாவில், கோட்டையும் குதிரையும் இரும்புக் கவசமுமாக இருக்கிற இடத்தில் போய் விழுவான். நம் தென்னாட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு, சகோதரிகளே. 1991-ல் தெலுங்கில் வந்த 'ஆதித்யா 369'. தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்ற பெயரில் வந்தது. நம் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தை எடுத்த சிங்கீதம் சீனிவாச ராவ்தான் டைரக்டர். இசை இளையராஜா. எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய கால யந்திரக் கதைதான் இதற்குத் தூண்டுகோல். 2025-ல் படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டார்கள்.

ஒரு விஞ்ஞானி செய்த யந்திரத்தில் ஏறி, கதாநாயகனும் கதாநாயகியும் 1526-க்குப் போய்விடுகிறார்கள். கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை ஆண்ட காலம். சபை, தெனாலிராமன், வைரம், நடனம் என்று கண்ணைப் பறிக்கிறது. பாலகிருஷ்ணாவே கதாநாயகன், அவரே ராயர்.

லீவு நாளில் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். "இந்த யந்திரம் எனக்குக் கிடைச்சா அங்கயே இருந்துக்குவேன். கலப்படம் உண்டா, மருந்தடிச்ச காயி உண்டா?" என்றார் என் மாமியார். எனக்கோ உடனே சமையல்தான் ஞாபகம் வந்தது. 1526-ல் போய் இறங்கினால் ரசத்துக்குத் தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயும் அப்படித்தான். போர்த்துகீசியர் கப்பலில் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. காரத்துக்கு நம்பியது மிளகைத்தான். ஐரோப்பாக் கோட்டையில் போய் இறங்கினாலும் இந்த மூன்றும் கிடையாது!

படிப்பு, வேலை? ராயருக்குப் பின் வந்த அரசர் காலத்தில் அங்கே இருந்த நூனிஸ் என்ற போர்த்துகீசியர், அரண்மனையில் செலவுக் கணக்கு எழுதவும் மல்யுத்தம் செய்யவும் பெண்கள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்? அங்கேதான் எனக்கு யந்திரத்தில் ஏறும் ஆசை போய்விடுகிறது. அம்மைக்கு ஜென்னர் தடுப்பு கண்டுபிடித்ததே 1796-ல். அரசன் வீடானாலும் குடிசையானாலும் பெரியம்மை வந்தால் பிழைத்தால் உண்டு. 1980-ல்தான் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள். என் மாமியார் கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ற அம்மாவுக்குப் பொறந்தது ஒம்பது, தங்குனது அஞ்சு, கண்ணு" என்றார்.

அன்றைக்கு எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பெண்ணும் படம் பார்க்க வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. தட்டம்மை ஊசியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஷிப்டு போனால் கூலி போச்சே, அப்புறம் காய்ச்சல் வந்தால் இன்னும் இரண்டு நாள் போகுமே என்ற கவலை. "அந்தக் காலத்துல ஊசி போட்டா புள்ளைங்க வளந்துச்சுங்க, அக்கா?" என்று என்னிடம் கேட்டவளும் அவள்தான். மாமியாரின் பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த புதன்கிழமை மாமியாரே கூடப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தார். அவள் மத்தியானம் கம்பெனிக்குப் போக, குழந்தை எங்கள் வீட்டுத் தொட்டிலில் தூங்கியது.

படத்தில் இன்னொரு பயணமும் உண்டு. 2504-க்கு. பூமிக்கு மேலே கதிர்வீச்சு; ஜனங்கள் நிலத்துக்கு அடியில் குடியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது வெறும் கற்பனை. மண்ணரைக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. நம் நொய்யலைப் பார்த்தவர்கள் ஆயிற்றே! பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, காடு தோட்டமெல்லாம் பாழானது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடக்கூடாது என்ற விதி கண்டிப்பானது. சோறு போட்டதும் சாயம்தான், ஆற்றைக் கெடுத்ததும் சாயம்தான். இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்தே பாருங்கள். பாட்டி தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களைக் கேட்டால் பழைய காலத்தின் நல்லதும் கெட்டதும் தெரிந்துவிடும். தடுப்பூசி அட்டையை அரிசி டப்பாவுக்குள் போட்டு மறந்துவிடாமல், காலண்டர் ஆணியில் மாட்டி வையுங்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு முறை, ஒன்றே கால் வயதுக்கு மேல் இரண்டு வயதுக்குள் இன்னொரு முறை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். வேலைக்குப் போகிற அம்மா பக்கத்து வீட்டில் இருந்தால், அன்றைக்கு ஒரு வேளை அந்தக் குழந்தையை நாம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேளைதானே!