செம்பு மையை ஒரு மாசம் கழிச்சும் அளந்து பாருங்க

மின்கடத்தும் மை பற்றி எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்தாலும் முன்னுரை ஒன்றுதான்: வெள்ளி விலை அதிகம், செம்பு மலிவு, ஆகவே செம்பு நானோதுகள். கணக்கு சரிதான். வெள்ளியின் மின்தடைத்திறன் 1.59 மைக்ரோ ஓம் செ.மீ., செம்புக்கு 1.68. வித்தியாசம் 6 சதவீதம்கூட இல்லை. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அப்புறம் ஏன் கீபோர்டுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் இன்னும் வெள்ளிக் கோடு ஓடுது?

வீட்டுச் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காம விட்டா கறுத்துப் போகும். குடத்துக்கு அது வெறும் மேல்தோல். ஆனா 50 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் மேலிருந்து 5 நானோமீட்டர் ஆழம் ஆக்சைடாச்சுன்னா, கிட்டத்தட்ட பாதிச் செம்பு போச்சு. நம்பிக்கை இல்லைன்னா கோளத்தின் கன அளவைப் போட்டுப் பாருங்க.

இதனால்தான் உலோகக்கலவைக்குப் போறோம். அதிலும் கண்ணை மூடிக்கிட்டு எதையாவது கலக்க முடியாது. நிக்கல் சேர்த்தால் ஆக்சிஜனேற்றம் குறையும். ஆனா 45 சதவீதம் நிக்கல் சேர்ந்த செம்புக்குப் பேர் கான்ஸ்டன்டன். முதலாமாண்டு பிசிக்ஸ் லேப்ல மின்தடைக் கம்பியா பார்த்திருப்பீங்க, செம்பைவிட ஏறக்குறைய 30 மடங்கு மின்தடை. இடையில் புகுந்த அணுக்கள் எலக்ட்ரானைச் சிதறடிக்கும். வெள்ளி இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அறை வெப்பநிலையில் செம்போடு அநேகமாகக் கரையாமல் தனித்தனியாகவே நிற்கும், அதனால் கடத்துதிறன் பெரிசா அடிபடாது. செம்புத் துகளுக்கு மெல்லிய வெள்ளி ஓடு போடுவதும் நல்ல வழி. சூடாக்கும்போது அந்த ஓடு திரண்டு விலகி, உள்ளே இருக்கிற செம்பைக் காற்றுக்குக் காட்டிவிடலாம் என்பதுதான் பயம்.

ஓடு தாங்குச்சா இல்லையான்னு அச்சடிச்ச அன்னைக்கே தெரியாது. நம்ம ரிப்போர்ட்டுகளில் இருப்பதோ அந்த ஒரு நாள் அளவு மட்டும். தொழில்துறையில் 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். நம்மகிட்ட அந்த சேம்பர் இல்லைன்னா ஜன்னலோரம் வைங்க; வாரம் ஒரு தடவை மல்டிமீட்டரை எடுங்க. ரிவ்யூவுக்கு முன்னாடி டைம் எங்கேன்னு கேப்பீங்க. முதல் சாம்பிளை செமஸ்டர் ஆரம்பத்திலேயே அச்சடிச்சா போதும், மிச்சத்தை அது பாட்டுக்குப் பார்த்துக்கும். அடுத்த வருஷம் ஜூனியர் ஒருத்தர் நம்ம எண்ணை நம்பித்தான் தன் சென்சாரை அச்சடிக்கப் போறார்.

மதிப்பெண் போடுற பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மின்தடை மேலே ஏறுற கிராஃபை ஒரு மாணவர் மறைக்காம கொண்டு வந்தா, அதுக்கும் மார்க் போடுங்க.