காண்பதும் ஒரு கடமை

புறநானூற்றின் எண்பதாம் பாடல் ஒரு மற்போர்க் காட்சி. ஆமூரில் வலிமை மிக்க மல்லன் ஒருவனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி எதிர்க்கின்றான். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மறுகால் அவன் முதுகை வளைத்திருக்கிறது. பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானையைப் போல மோதி, அவனை வென்று நிற்கின்றான் கிள்ளி. இதனைப் பாடிய சாத்தந்தையார் இடையிலே தம் விருப்பம் ஒன்றையும் வைத்துள்ளார். கிள்ளியின் தந்தை உறையூர்த் தித்தன். தந்தைக்கும் மகனுக்கும் மனவேறுபாடு இருந்தது என்பர். அத்தித்தன் மகன்மீது அன்பு காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி, இந்த வெற்றியை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்பதே புலவரின் விருப்பம்.

இப்பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். யானை உவமையை விளக்குவதற்குச் செலவிட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்த விருப்பத்திற்கு நான் ஒதுக்கியதில்லை. என் மகனைக் கால்பந்துப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய பின்னரே அதன் ஆழம் எனக்குப் புலப்பட்டது.

இரண்டு தந்தையர்

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு மைதானத்திற்கு இருவரும் செல்வோம். அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. வாழ்நாளில் ஒரு பந்தையும் ஒழுங்காக உதைத்தறியாத நான், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, 'அங்கே ஓடு, இங்கே கொடு' என்று கூவுவேன். ஆட்டம் முடிந்து வண்டியில் திரும்பும்போது அவன் செய்த பிழைகளை ஒன்று விடாமல் எடுத்துரைப்பேன். சேலையூர் கேம்ப் ரோடு வருவதற்குள் ஒரு முழுச் சொற்பொழிவே முடிந்திருக்கும். நானும் கடமையை ஆற்றிய நிறைவோடு வீடு சேர்வேன்.

ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் சொன்னான்: "அத்தா, அடுத்த ஞாயிறு நீங்க வர வேண்டாம். நானே சைக்கிள்ல போய்க்கிறேன்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மகன் ஆடுவதைக் காண வராதவன் தித்தன். காண வருகிறேன் என்ற பெயரில் மகனின் ஆட்டத்தைத் தானே ஆட முயன்றவன் நான். முன்னது புறக்கணிப்பு, பின்னது ஆக்கிரமிப்பு. நம் குடும்பங்களில் விளையாடும் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்விரு தந்தையருள் ஒருவருக்கு மகனாகவோ மகளாகவோ இருக்கக் காண்கிறோம். புலவர் கேட்டதோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மகனுக்குப் பிடி சொல்லிக் கொடு என்று அவர் தித்தனிடம் கேட்கவில்லை. காண் என்று மட்டுமே கேட்டார்.

ஐவர் கடமை

இதே புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312-ஆம் பாடல் ஓர் இளைஞனை உருவாக்கும் பொறுப்பை ஐவருக்குப் பகுத்துக் கொடுக்கிறது. பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பு. பண்பால் நிறைந்தவனாக ஆக்குவது தந்தையின் பொறுப்பு. வேலினை வடிவமைத்துத் தருவது கொல்லனின் பொறுப்பு. நல்லொழுக்கத்திற்கு வழிவகுப்பது வேந்தனின் பொறுப்பு. களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது அவ்விளைஞனின் பொறுப்பு. இப்பாடல் போரைப் பற்றியது. நாம் பேசுவது விளையாட்டைப் பற்றி. ஆயினும் அந்தப் பகுப்புமுறை இன்றும் பொருந்துவதாகும். ஒருவர் கடமையை மற்றவர் பறித்துக்கொள்ளவில்லை என்பதே அப்பாடலின் அழகு. தந்தை வேல் வடிக்கப் போகவில்லை. கொல்லன் போர்க்களத்தில் இறங்கவில்லை. இன்றைய மைதானங்களில் எழும் துன்பங்களுள் பெரும்பாலானவை இந்த எல்லைகளை மறப்பதால் விளைபவையே என்பது என் கருத்து.

பெற்றோர் செய்யத்தக்கது

சென்னை பாடியைச் சேர்ந்த சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமியை நாடறியும். 2023-இல் பாக்கூவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஓர் ஓரத்தில் நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்த அவரது புகைப்படம் பலர் உள்ளத்தைத் தொட்டது. வெளிநாடுகளுக்கும் அடுப்பும் பாத்திரமும் எடுத்துச் சென்று மகனுக்குச் சோறும் இரசமும் சமைத்துத் தருபவர் அவர். காய் நகர்த்தும் கலையைப் பயிற்சியாளர் ஆர். பி. ரமேஷிடம் விட்டுவிட்டார். அவர் செய்தவை இரண்டு: உணவளித்தார், உடனிருந்து கண்டார்.

வடசென்னையைச் சேர்ந்த நம் சமுதாயப் பெண் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற உலக கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகள் அவர். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. வசதி இருந்தால்தான் பிள்ளையை விளையாட விடலாம் என்போர் அந்த வீட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2024 டிசம்பரில், தம் 18-ஆம் வயதில், உலகச் சதுரங்க வாகையர் ஆன குகேஷுக்காக மருத்துவரான அவர் தந்தை தம் தொழிலையே நிறுத்திவைத்தார் என்பது உண்மை. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, சேமிப்பை எல்லாம் செலவிட்டுப் பிள்ளையைப் பயிற்சிக் கூடத்தில் சேர்க்கும் பெற்றோர் பெருகி வருகின்றனர். வென்றவர் வரலாறு நாளிதழில் வரும். அதே அளவு செலவிட்டும் வெல்லாதவர் வரலாறு வருவதில்லை. செலவிடுவது தவறன்று. செலவிட்ட பணத்திற்குப் பதக்கத்தைக் கேட்பதுதான் தவறு. வட்டி வாங்குவதை ஹராம் என்று விலக்கிய நாம், பெற்ற பிள்ளையிடம் மட்டும் முதலும் வட்டியும் கேட்கலாமா? பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காக்கலாம், அதைக் கொண்டு வாணிகம் செய்யலாகாது.

'படிப்பா, விளையாட்டா?' என்ற கேள்வியும் பத்தாம் வகுப்பு வந்தவுடன் எழுகிறது. பந்தைப் பறித்துப் பரணில் போட்டுவிட்டால் மதிப்பெண் கூடும் என்று எண்ணுகிறோம். நாளும் ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளைக்குத் திடீரென்று அதை நிறுத்தினால், மிஞ்சும் நேரம் புத்தகத்திற்குப் போவதில்லை, கைப்பேசிக்கே போகிறது. பயிற்சி நேரத்தைக் குறைக்கலாம். அடியோடு வெட்ட வேண்டாம்.

பயிற்சியாளர் செய்யத்தக்கது

நல்ல கொல்லன் ஏந்துபவனின் தோளைப் பார்த்துத்தான் வேலின் எடையை முடிவு செய்வான். பயிற்சியாளரும் பிள்ளையின் வயதையும் உடலையும் அறிந்தே பயிற்சி அளித்தல் வேண்டும். எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டில் பிள்ளையைப் பூட்டி, ஆண்டு முழுவதும் ஓய்வின்றிப் பழக்குவது இன்று வழக்கமாகி வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு மாறான அறிவுரையைத் தருகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயது வரை ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளாமல் பலவற்றையும் ஆடவிடுவது நல்லது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அதன் சாரம். வளரும் எலும்பும் மூட்டும் ஒரே வகை அசைவை ஓயாமல் தாங்கமாட்டா, மனமும் சலித்துவிடும்.

நார்வே நாட்டில், 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. 13 வயதுக்கு முன் தேசிய வாகையர் போட்டிகளில் அவர்கள் கலந்துகொள்வதும் இல்லை. குழந்தைகளின் விளையாட்டு உரிமை என்று 1987 முதல் அந்நாட்டினர் வகுத்துப் பேணிவரும் நெறி இது. இதனால் அவர்கள் பின்தங்கிவிடவில்லை. 2018-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களுடன் முதலிடம் பெற்றவர்கள் அவர்களே. குழந்தைப் பருவத்தில் அவசரம் காட்டாததால் இழப்பு ஏதும் நேரவில்லை என்பதற்கு இது சான்று.

பயிற்சியாளரின் கண் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் சிதைந்த மாரியப்பனிடம் உயரம் தாண்டும் ஆற்றல் இருப்பதைக் கண்டவர் அவரது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். காய்கறி விற்று மகனை வளர்த்தார் தாய் சரோஜா. 2016-இல் ரியோவில் நடந்த பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். பிறர் குறையைக் கண்ட இடத்தில் திறனைக் கண்டது அந்த ஆசிரியரின் கண்.

எல்லாக் கண்களும் அவ்வாறு தூயனவாக இருப்பதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், தம்மிடம் பயின்ற பெண்பிள்ளைகளின் புகாரின் பேரில், போக்சோ சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். 2012-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் ஆண், பெண் என்னும் வேறுபாடின்றிப் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. இத்தகைய செய்தி வந்தவுடன் பல வீடுகளில் பெண்பிள்ளையின் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. தவறு செய்தவன் ஒருவன். தண்டனை பெறுபவள் மற்றொருத்தி. பிள்ளையை வீட்டில் அடைப்பது பாதுகாப்பு ஆகாது. பெற்றோர் சென்று காண்பதே பாதுகாப்பு. பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் பயிற்சிக் கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். சிகிச்சை என்றோ தனிப் பயிற்சி என்றோ மூடிய அறைக்குள் அழைக்கும் பயிற்சியாளரிடம் விடவும் வேண்டாம். பிள்ளை ஒன்று சொன்னால் முதலில் நம்ப வேண்டும், விசாரணை பின்னர்.

நம் பெண்மக்கள்

மாணவியர் சேர்க்கையின்போது, 'என்ன விளையாடுவாய் அம்மா?' என்று கேட்பது என் வழக்கம். பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வரும் நம் சமுதாய மாணவியர் பலர் கூறும் விடை ஒன்றே: "ஒன்பதாவது வரைக்கும் விளையாடினேன் சார்." அதற்குப் பின் ஏன் ஆடவில்லை என்று கேட்டால் தலை குனிந்துகொள்கின்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், அதில் அன்னையார் வென்றதும் ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. பின்னாளில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, இது முன்னதற்கு ஈடு என்று கூறினார்கள். தோல்வியை இன்முகத்தோடு ஏற்பதற்கும் வெற்றியை மென்மையோடு கொள்வதற்கும் இதனினும் சிறந்த பாடம் எங்கே உள்ளது?

உடையைக் காரணம் காட்டுவோர்க்கும் இன்று விடை உண்டு. தலையை மறைத்து ஆடுவதற்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014-லும், கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-லும் இசைவளித்தன. நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன் குத்துச்சண்டை பழகியபோது உறவினர் பலரும் குறை கூறினர். தந்தை முகம்மது ஜமீல் அகமது அவற்றைப் பொருட்படுத்தாமல் மகளுக்குத் துணை நின்றார். 2022-லும் 2023-லும் அம்மகள் உலக வாகையர் ஆனார். ஊரார் வாயை மூடியது தந்தையின் வாதம் அன்று, மகளின் வெற்றியே. எனினும் அவ்வெற்றி வருவதற்கு முன்பே, பல ஆண்டுகள், அத்தந்தை தனித்து நின்றிருக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஊரும் கல்லூரியும்

பொன்முடியார் பாடலில் வேந்தனின் கடமையைக் குறிக்கும் இடத்தில் 'நன்னடை' என்றும் 'தண்ணடை' என்றும் பாடவேறுபாடு உண்டு. முன்னது நல்லொழுக்கம், பின்னது நிலம். விளையாட்டைப் பொறுத்தவரை இரண்டும் பொருந்தும். ஆட்சியாளர் நெறியும் வகுக்க வேண்டும். நிலமும் தர வேண்டும். மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வேளச்சேரியில் நீச்சல் வளாகம் இருக்கிறது. தாம்பரத்தில் 1937 முதல் கிறித்தவக் கல்லூரியின் பரந்த வளாகம் இருக்கிறது. ஆனால் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தின் தெருக்களில், நடந்து போகும் தொலைவில் பந்து உதைக்க ஓர் இடம் தேடும் சிறுவன் காண்பது அடுக்குமாடிகளின் வாகன நிறுத்தங்களையே. கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது ஆய்வகத்தைக் கேட்கும் பெற்றோர் மைதானத்தையும் கேட்டல் வேண்டும்.

நம் கல்லூரிக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் இரு விண்ணப்பங்கள் உள்ளன. விடுமுறை நாட்களின் காலை வேளையில் நம் மைதானத்தை அருகிலுள்ள பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். அதில் ஒரு பொழுதைப் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கலாம். அடுத்தது ஆசிரியர்களாகிய நமக்கு. போட்டிக்குச் சென்று வரும் மாணவனை வருகைப் பதிவேட்டைக் காட்டி மிரட்டுவதில் நாம் வல்லவர்கள். நானும் அவ்வாறு செய்திருக்கிறேன். அவன் ஆடும் ஆட்டத்தை ஒருமுறையேனும் சென்று பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை. இவ்வாண்டு முதல் பார்ப்பதென்று உறுதி பூண்டுள்ளேன்.

பொன்முடியார் அந்த இளைஞனுக்கு வைத்த கடமையில் ஒரு நுட்பம் உண்டு. யானையை வீழ்த்துவதோடு அது முடியவில்லை. மீண்டு வருவதும் அவன் கடமையாகிறது. ஆடப் போகும் நம் பிள்ளைகளில் பதக்கத்தோடு வருபவர் சிலரே. எல்லாரும் நல்ல உடலோடும், குலையாத மனத்தோடும், ஆட்டத்தின்மீது மாறாத அன்போடும் மீண்டு வருதல் வேண்டும். அதற்கு வழிசெய்வதே பெற்றோரும் பயிற்சியாளரும் ஆற்றும் பணியின் பயன்.

சில வாரங்கள் கழித்து என் மகனே என்னை மீண்டும் மைதானத்திற்கு அழைத்தான். ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: பேசக் கூடாது. இப்போது வேப்பமரத்தடியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பும் வழியில், பசிக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். கேம்ப் ரோடு வருவதற்குள் அன்றைய ஆட்டம் முழுவதையும் அவனே சொல்லி முடித்துவிடுகிறான்.

நம் பிள்ளைகளைக் காணும் கண்களையும், காக்கும் பொறுமையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.