ஸ்விஸ் டென்ட்டும் ஒட்டகச் சந்தையும்

வருஷா வருஷம் ஐப்பசி பிறந்ததும் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அஜ்மீர்லதானே இருக்கீங்க? புஷ்கர் மேளாவுக்கு ஒரு நல்ல டென்ட்டாப் பார்த்துச் சொல்லுங்க சார். ஏசி, வெந்நீர், அட்டாச்டு பாத்ரூம் இருக்கணும். ஒட்டகம் பக்கத்துல தெரியணும், ஆனா நாத்தம் வரக்கூடாது."

அந்தக் கடைசி வரியைக் கவனிச்சீங்களா மக்களே? இன்றைய புலம்பல் அதைப் பற்றித்தான்.

தங்கமணியும் நானும் சந்தைப் பைத்தியங்கள். கல்யாணம் ஆன புதிதில் ஹனிமூன் என்று கிளம்பாமல் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போன ஜோடி நாங்கள் (அவங்க வீட்டில் இன்னும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள்). இந்த ஊருக்கு மாற்றல் வந்த பிறகு புஷ்கர், நாகௌர், பர்பத்சர் என்று ஒன்றையும் விடவில்லை. கார் டிக்கியில் ஒரு சின்னக் கூடாரம், இரண்டு கம்பளி, ஒரு ஸ்டவ். அவ்வளவுதான் எங்கள் கேம்பிங். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன் :-)

முதலில் ஒரு விஷயம். புஷ்கர் மேளா சுற்றுலாத் துறை கண்டுபிடித்த திருவிழா இல்லை. கார்த்திக மாத ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஏரியில் நீராட ஜனங்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி மாட்டையும் ஒட்டகத்தையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள் வளர்ப்பவர்கள். சாமியும் சந்தையும் சேர்ந்ததுதான் மேளா. நம்ம அந்தியூரும் அப்படித்தானே? இங்கேயிருந்து மார்வாரிக் குதிரை அங்கே வரைக்கும் போகிறது.

இதில் வியாபாரம் நடப்பது ஏகாதசிக்கு முந்தைய நாட்களில். பௌர்ணமியை ஒட்டி நம் ஆட்கள் கேமராவோடு வந்து இறங்கும்போது பாதி மந்தை ஊர் திரும்பியிருக்கும். மிச்சம் இருப்பதில் பல, சவாரிக்கும் போட்டோவுக்கும் அலங்காரம் செய்து நிறுத்தியவை. அதைப் பார்த்துவிட்டு "ஆஹா, உண்மையான ராஜஸ்தான்" என்று எழுதுகிறோம்.

2022இல் தோல் கழலை நோய் (லம்பி) பரவியதால் கால்நடைச் சந்தையை ரத்து செய்தார்கள். நியாயமான முடிவு, குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் பாட்டம் நிகழ்ச்சிகள் எல்லாம் நடந்தன. மாடும் ஒட்டகமும் இல்லாமலேயே மேளா நடத்தலாம் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமே அங்கேதான் ஆரம்பித்தது.

சரி, ஒட்டகக்காரர் கதைக்கு வருவோம். இங்கே பரம்பரையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள் ரைகா என்றும் ரேபாரி என்றும் சொல்லப்படும் சமூகத்தார். பெண் ஒட்டகத்தை வெளியாருக்கு விற்பதும், பாலைக் காசுக்கு விற்பதும் அவர்கள் வழக்கத்தில் தப்பு. அப்புறம் எதில் வருமானம்? ஆண் கன்றை வளர்த்து, வண்டிக்கும் ஏருக்கும் விற்பதில். அந்த விற்பனை நடக்கும் இடம் இந்தச் சந்தைகள். நம்ம பாஷையில் சொன்னால், பெண் ஒட்டகம் முதல், ஆண் கன்று வட்டி. வட்டி நின்றால் முதலைக் காப்பாற்ற முடியாது. பி.காம். முதல் வருஷப் பாடம்.

வட்டியைக் குறைத்தவை பல. டிராக்டர் வந்தது. இந்திரா காந்தி கால்வாய் வந்து மேய்ச்சல் நிலம் வயலாகியது. இதெல்லாம் காலத்தின் போக்கு, யாரையும் திட்ட முடியாது. ஆனால் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்கு என்று அறிவித்துவிட்டு, 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள். வெட்டத் தடை. வெட்டுவதற்காக வெளி மாநிலம் கொண்டுபோகத் தடை. வேறு காரியத்துக்குக் கொண்டுபோவதென்றாலும் அதிகாரியின் அனுமதி. நோக்கம் நல்லதுதான். விளைவு? வெளி மாநில வியாபாரி "எதுக்கு வம்பு" என்று வருவதைக் குறைத்துக்கொண்டார். வாங்க ஆள் இல்லாத சந்தையில் விலை என்ன ஆகும் என்பதற்கு பி.காம். கூட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கால்நடைக் கணக்கெடுப்பின்படி ராஜஸ்தானில் ஒட்டகங்கள் 2007இல் 4.22 லட்சம், 2012இல் 3.26 லட்சம், 2019இல் 2.13 லட்சம். முதல் ஐந்து வருஷத்தில் சுமார் 23 சதவீதம் குறைந்தது. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் 35 சதவீதம். சரிவு சட்டத்துக்கு முன்பே ஆரம்பித்தது, மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்ற வந்த சட்டம் சரிவை நிறுத்தவும் இல்லையே!

"அப்போ கசாப்புக்கு அனுப்பலாம்கறீங்களா?" என்று ஒரு நண்பர் சூடாகக் கேட்டார். தங்கமணி முட்டை கூடத் தொடாத ஆள். அவளே பதில் சொன்னாள்: "ஏனுங்கண்ணா, வெட்டுனாத்தான் அழியுமா? வளர்க்கறவன் கையை விட்டாலும் அழியுந்தானுங்களே?" ஜல்லிக்கட்டுக்காக 2017இல் மெரினாவில் நாம் என்ன பேசினோம்? காளைக்குப் பயன் இல்லை என்றால் வளர்ப்பவன் இருக்கமாட்டான் என்றுதானே? அதே நியாயம் ஒட்டகத்துக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு தரலாம் என்று 2018-19 பட்ஜெட்டில் சொன்னார்கள். நல்ல திட்டம். ஆனால் ஒரு ஒட்டகக்காரர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், விற்க முடியாத உருப்படிக்கு நான் என்ன மதிப்புப் போடுவது? எருமை வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடலாம். நாற்பது ஒட்டகம் வைத்திருப்பவர் காகிதத்தில் ஏழை.

அடுத்த வாதம், "டூரிஸம் வந்தா அவங்களுக்கும் காசுதானே?" எந்த அவங்களுக்கு? மேளா நாட்களில் ஒரு ஸ்விஸ் டென்ட்டுக்கு ராத்திரி வாடகை பத்தாயிரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். அது டென்ட் கம்பெனிக்குப் போகிறது. ஒட்டகக்காரருக்குக் கிடைப்பது போட்டோவுக்குப் பத்து இருபது ரூபாய். இதில் அவர் முன்பு மந்தையைக் கட்டிய மணல்மேடுகளில் பல இப்போது வேலி போட்ட ரிசார்ட். ஒட்டகம் பார்க்க வந்தவனுக்கு இடம் கொடுக்க ஒட்டகத்தை விரட்டியிருக்கிறோம். சமீப வருஷங்களில் புஷ்கரில் ஒட்டகத்தைவிடக் குதிரைதான் அதிகம். குதிரை பணக்காரர் பொழுதுபோக்கு, வாங்க ஆள் இருக்கிறது.

ஒரு தடவை நாகௌர் சந்தையில் ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டு அவர் டேராவுக்குப் பக்கத்தில் எங்கள் கூடாரத்தை அடித்தோம். தை மாசக் குளிர், பல் தந்தியடித்தது. அவர்களுக்குக் கூடாரமே கிடையாது. வண்டிக்குக் கீழே கம்பளி, நடுவில் நெருப்பு. கம்பு ரொட்டியும் ஒட்டகப் பால் டீயும் கொடுத்தார்கள். காசு நீட்டியதும் பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது, "பாபுஜி, விருந்தாளியிடம் பாலுக்கு விலை வாங்குவதா?" என்றார். அவருடைய பேரன் ஜெய்ப்பூரில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் கூட இல்லை. முடிந்துபோன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். 2016இலும் பிறகு 2022இலும் கன்று ஒன்றுக்கு 10,000 ரூபாய் உதவி என்று திட்டம் போட்டார்கள். பிறக்கும்போது பணம் சரி, வளர்ந்த பிறகு வாங்க ஆள் யார்? கட்ச் பக்கத்துப் பாலை 2019இல் அமுல் பாட்டிலில் போட்டு விற்க ஆரம்பித்தது. அது உருப்படியான வழி. வழக்கம் மாறி, பால் விற்கத் தயாராக இருக்கும் இளைஞர்கள் ரைகாக்களிலும் உண்டு. அவர்களுக்குத் தேவை கொள்முதல் செய்ய ஒரு வண்டி, குளிர்பதனம், ஒரு நிரந்தர விலை.

என் கோரிக்கை மூன்றே மூன்று. மேளா மைதானத்தில் முதல் உரிமை கால்நடைக்கு: தண்ணீர்த் தொட்டி, தீவனம், டாக்டர், அப்புறம்தான் டென்ட் ஏலம். இரண்டாவது, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஒட்டகம் வாங்குபவருக்குச் சந்தையிலேயே, அன்றைக்கே அனுமதிச் சீட்டு. மூன்றாவது நமக்கு. ஏகாதசிக்கு நாலைந்து நாள் முன்னால் வாருங்கள். புஷ்கரில் தர்மசாலைகள் நிறைய உண்டு, ரூம் சுமாராக இருக்கும், செத்துவிடமாட்டோம். ஒட்டக முடிக் கம்பளம், மணி, கழுத்து அலங்காரம் என்று எதையாவது செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒட்டகத்துக்கு என்ன வயசு என்று கேளுங்கள். பல்லைத் திறந்து காட்டி அரை மணி நேரம் பாடம் நடத்துவார்கள்.

நாற்றம்? இருக்கும். சாணி, வியர்வை, பீடி, புகை எல்லாம் சேர்ந்த நாற்றம். சந்தை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.