அவசரப் பிரிவில் கூட்டம் ஏன்?

பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் தாங்க முடியவில்லை. காய்ச்சல், இருமல், வயிற்று வலி என்று ஜனங்கள் இரவில் அங்கே வந்து குவிந்துவிடுகிறார்கள். எது அவசரம், எது அவசரமில்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை என்று ஒரு குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. இப்படி வருவோரிடம் கட்டணம் வாங்கினால் கூட்டம் குறைந்துவிடும் என்று யோசனை கூறும் கனவான்களும் இருக்கிறார்கள்.

கூட்டம் இருப்பது உண்மை. அதனால் ஆபத்து விளைவதும் உண்மை. பாம்பு கடித்தவருக்கும், பக்கவாதம் தாக்கியவருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உயிர் போன்றது. இரவெல்லாம் கால் கடுக்க நின்று வேலை செய்யும் டாக்டர்களும் நர்சுகளும் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் இந்த நிலைக்குப் பொறுப்பு யார்? நோயாளியா?

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும் நேரம் பொதுவாகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. கூலி கிடைக்கும் நேரமும் அதுதான். டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றையக் கூலி போயிற்று, அடுப்பு எரியாது. ஆகவே அவர் காய்ச்சலோடு வயலில் நிற்கிறார். கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். மூன்றாம் நாள் இரவு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும்போது திறந்திருக்கும் கதவு எது? ஜில்லாத் தலைநகரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுதான்!

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-ல் கோவைக்கு வந்த திட்டம் அது. 2019 ஜூலை முதல் 100 ரூபாய் கூலிக்குத் தொழிலாளி 75 பைசாவும், முதலாளி 3 ரூபாய் 25 பைசாவும் செலுத்த வேண்டுமென்று விகிதம் வைக்கப்பட்டது. ஆனால் இரவு ஷிப்டில் ஒருவருக்கு வயிறு வலித்தால் டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது. காண்டிராக்ட் தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்யாமலே வேலை வாங்கும் முதலாளிகளும் உண்டு. விவசாயத் தொழிலாளிக்கோ இந்தத் திட்டமே கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்று வருகிறவருக்கு அது வாயுவா, மாரடைப்பா என்று எப்படித் தெரியும்? வயலில் சேற்றிலே நின்றவருக்கு வந்திருப்பது சாதாரணக் காய்ச்சலா, எலிக் காய்ச்சலா, டெங்குவா என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? டாக்டர் பரிசோதித்த பிறகே அது விளங்கும். பரிசோதனைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லும்படி நோயாளியைக் கேட்பது என்ன நியாயம்?

பணக்கார நாடான அமெரிக்காவில் இந்த அநியாயம் நடந்திருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று அங்கே 1986-ல் சட்டம் வந்தது. ஆனால் பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. 2017-ல் ஆந்தம் என்ற பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி ஜார்ஜியா, மிஸ்ஸூரி முதலிய ராஜ்யங்களில், கடைசியில் அவசரமில்லை என்று தெரியவரும் நோய்க்குப் பணம் தரமாட்டோம் என்று கூறியது. அவசரப் பிரிவு டாக்டர்களின் சங்கமே 2018-ல் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. பில்லுக்குப் பயந்து நிஜமான மாரடைப்புக்காரரும் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்பதே அவர்கள் கவலை. கட்டணம் போடச் சொல்லும் நமது கனவான்கள் இதைச் சிந்திக்கட்டும்!

அருகில் வைத்தியம் இல்லாததால் கூட்டம் சேருவதோடு தீமை நிற்பதில்லை. நிஜமான அவசர நோயும் அதனால் உண்டாகிறது. ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறவர், கூலியை இழந்து போய் வாங்க முடியாமல் நிறுத்திவிடுகிறார். சில மாதங்களில் பக்கவாதம் தாக்குகிறது. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இத்தகைய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதால் நல்ல காரியம் செய்கிறது. ஆனால் வீடு வீடாய் நடக்கும் அந்தப் பெண் தொண்டர்களுக்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. ஊக்கத்தொகை என்று சொற்பப் பணம் தரப்படுகிறது.

ஊருக்கு அருகிலேயே வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையா? ஸர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946-லேயே, பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று கூறி, ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சிபாரிசு செய்தது. 1978-ல் சோவியத் கசாக்ஸ்தானின் அல்மா அதா நகரில் உலக நாடுகள் கூடி இதையே பிரகடனம் செய்தன. 2017-ல் மத்திய சர்க்காரின் தேசிய சுகாதாரக் கொள்கை, தேச வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வரை 2025-க்குள் சுகாதாரத்திற்குச் செலவிடப்படும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப வைத்தியத்திற்கே என்று வாக்களித்தது. 2021-22-ல் மத்திய, மாநில சர்க்கார்கள் சேர்ந்து செலவிட்டது 1.84 பங்குதான். 2018-ல் வந்த 5 லட்ச ரூபாய் இன்சூரன்ஸ் திட்டமோ படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும். காய்ச்சலுக்கு வெளிநோயாளியாக டாக்டரைப் பார்க்கும் ஏழைக்கு அதனால் காலணாப் பயனில்லை.

வழியில்லாமல் இல்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2017-ல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றி, டாக்டர்களையும் நர்சுகளையும் கூட்டி, மாலை 6 மணி வரை நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்தது. நமது தமிழ்நாட்டிலேயே 2023-ல் நகரங்களில் திறக்கப்பட்ட நல்வாழ்வு மையங்களுக்கு மாலை 4 மணி முதல் 8 மணி வரையிலும் நேரம் வைக்கப்பட்டது. நகரத்தில் முடிந்தது கிராமத்தில் ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவது இதுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு 8 மணி வரை டாக்டர் இருக்க வேண்டும். இருக்கிற டாக்டரின் முதுகிலேயே இந்தச் சுமையையும் ஏற்றாமல், காலியிடங்களை நிரப்பி, புதிதாக ஆள் எடுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகள் ஷிப்டு நேரத்திற்கு ஏற்பத் திறந்திருக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் அனைவரும் பதிவு செய்யப்பட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவுக்குப் பக்கத்திலேயே இரவும் பகலும் நடக்கும் சாதாரண நோய்ப் பிரிவு வேண்டும். யாரும் திருப்பி அனுப்பப்படக் கூடாது.

மில் வாசலிலும் சேரியிலும் தெருவிலும் இதைப் பேசுங்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, எத்தனை டாக்டர் இடம் காலி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். ஒரு நாள் கூலியை இழக்காமல் டாக்டரைப் பார்ப்பது உழைப்பாளியின் உரிமை. ஊரிலுள்ள கதவு திறந்தால், நகரத்திலுள்ள கதவில் நெருக்கடி தானே குறையும்.