பாட்டிமார் ஏற்றும் விளக்கு

புனித சின்னப்பர் தம் அன்புச் சீடர் திமொத்தேயுவுக்கு வரைந்த இரண்டாம் நிருபத்தில், அவருடைய விசுவாசத்தைப் பாராட்டும்போது இரு பெண்களை நினைவுகூருகிறார். ஒருவர் பாட்டி லோயி. மற்றவர் தாய் யூனிக்கி. ஒருவர் உலகுக்கு ஆற்றும் பெரும்பணி பல வேளைகளில் அவருடைய பாட்டி வீட்டு அடுப்பங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அப்போஸ்தலர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

இம்மாதம் நாம் நினைவுகூர விரும்புவது, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தமது 91-ஆம் வயதில் காலமான ஜேன் குடால் அம்மையாரை. சிம்பன்ஸிக் குரங்குகளைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதிக்கு வழி திறந்தவர் அவர். மூன்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியாகவும் விளங்கினார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்க்கையில் நம் குடும்பங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாயில்லா உயிர்கள்மீது ஒரு குழந்தை கொள்ளும் அன்பு தழைப்பதும் கருகுவதும் அந்த வீட்டுப் பெரியோர் கையிலேயே இருக்கிறது.

ஜேன் 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது, தோட்டத்து மண்புழுக்களைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தம் படுக்கையில் வைத்துக்கொண்டார். வேறொரு தாயாயின் முகம் சுளித்து அவற்றை வெளியே வீசியிருப்பார். அவருடைய தாய் மார்கரெட்டோ, மண்ணைப் பிரிந்தால் இவை இறந்துவிடும் என்று மெல்ல எடுத்துரைத்தார். தாயும் மகளுமாக அவற்றை மீண்டும் தோட்டத்திலேயே விட்டனர்.

நான்கு வயது கடந்தபின் மற்றொரு நிகழ்ச்சி. பண்ணை ஒன்றுக்குச் சென்றிருந்த சிறுமிக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்வளவு பெரிய முட்டை கோழியின் உடலிலிருந்து எவ்வாறு வெளிவருகிறது? கேட்டவர்களின் விடை மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே கோழிக்கூட்டினுள் புகுந்து வைக்கோலிடையே ஒளிந்து, ஏறக்குறைய நான்கு மணி நேரம் அசையாது காத்திருந்தார். வீட்டாரோ பிள்ளையைக் காணாமல் எங்கெங்கோ தேடித் தவித்தனர். மாலையில் உடலெல்லாம் வைக்கோல் ஒட்டியிருக்க, முகம் மலர ஓடி வந்த மகளைத் தாய் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அருகே அமர்த்தி, கோழி முட்டையிட்ட கதையை முழுவதும் கேட்டார். அன்று தம் தாய் சினந்திருந்தால் தம்முள் முளைத்த ஆர்வம் அங்கேயே மடிந்திருக்கக்கூடும் என்று குடால் அம்மையார் முதுமையிலும் பலமுறை கூறியதுண்டு.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. தந்தை படையில் சேர்ந்தார். தாயும் இரு பெண் குழந்தைகளும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ன்மத் நகரில் பாட்டியின் வீட்டை அடைந்தனர். போருக்குப்பின் பெற்றோர் மணமுறிவு பெற்றமையால் அந்த வீடே குழந்தைகளுக்கு நிலையான புகலிடமாயிற்று. குழந்தைகள் 'டேனி' என்று அழைத்த அந்தப் பாட்டி, சபைப் போதகர் ஒருவரின் கைம்பெண். செல்வம் மிகுந்த வீடன்று அது. எனினும் பாட்டி, தாய், சிற்றன்னையர் என்று பெண்களே நிறைந்த அவ்வீட்டில் அன்புக்கும் ஒழுங்குக்கும் குறைவிருக்கவில்லை. தோட்டத்து மரத்தின்மீது ஏறி அமர்ந்து சிறுமி நூல்கள் படித்தாள். அண்டைத் தெருவிலிருந்து வரும் ரஸ்டி என்னும் நாய் அவளுக்கு உற்ற தோழனாயிற்று. விலங்குகளுக்கும் அறிவும் தனித்தன்மையும் உணர்ச்சியும் உண்டு என்பதைத் தமக்கு முதலில் கற்பித்த ஆசான் ரஸ்டியே என்று அம்மையார் சொல்வது வழக்கம்.

ஆப்பிரிக்கா சென்று விலங்குகளோடு வாழ வேண்டும் என்று பத்து வயதிலே அவர் சொன்னபோது கேட்டவர்கள் நகைத்தனர். பணமில்லை, போர்க்காலம், அதிலும் பெண்பிள்ளை. தாய் மட்டும் நகைக்கவில்லை. கடுமையாக உழைக்கவும், வாய்ப்பு வரும்போது நழுவவிடாதிருக்கவும், முயற்சியைக் கைவிடாதிருக்கவும் கற்பித்தார். பல்கலைக்கழகக் கல்விக்கு வசதியில்லாமையால் ஜேன் செயலாளர் பயிற்சி பெற்றார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து கப்பல் கட்டணம் சேர்த்து, 1957-இல் கென்யா சென்றார். அங்கே ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியில் புகழ்பெற்ற லூயி லீக்கி, இந்தப் பெண்ணின் பொறுமையைக் கண்டு, சிம்பன்ஸிகளை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

இளம்பெண் தனியே காட்டில் தங்க ஆங்கிலேய அதிகாரிகள் இணங்கவில்லை. துணையாக வர முன்வந்தவர் யார் தெரியுமா? தாய் மார்கரெட்! 1960-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் தாயும் மகளும் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பேயில் கூடாரம் அடித்தனர். மகள் மலையேறிக் குரங்குகளைத் தேட, தாய் மீனவர்களின் புண்களுக்குக் கட்டுக் கட்டி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, அவ்வூராரின் நல்லெண்ணத்தைத் தேடித் தந்தார். குரங்குகள் அஞ்சி ஓடியபோதெல்லாம் மாலையில் மகளைத் தேற்றியவரும் அவரே.

அவ்வாண்டு முடியுமுன், நரைத்த தாடியுடைய ஒரு சிம்பன்ஸி, கறையான் புற்றின் துளையில் புல் தண்டை நுழைத்துக் கறையான்களைப் பிடித்துத் தின்பதை ஜேன் கண்டார். சிறு குச்சியின் இலைகளை உருவிக் கருவியாக்கியதையும் பார்த்தார். கருவி செய்வோன் மனிதன் ஒருவனே என்று அதுவரை நம்பியிருந்த அறிஞர் உலகம் வியப்பிலாழ்ந்தது. விலங்குகளுக்கு எண் இடாமல் பெயர் சூட்டுவது அறிவியலாகாது என்று பின்னர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் சிலர் குறைகூறியும், அவர் தம் வழக்கத்தை விடவில்லை.

அவர் பெயர் சூட்டியவற்றுள் ஃப்ளோ என்னும் முதிய பெண் சிம்பன்ஸி குறிப்பிடத்தக்கது. கிழிந்த காதும் பருத்த மூக்குமாக அழகற்றுத் தோன்றிய அது, தன் குட்டிகளிடம் காட்டிய பொறுமையோ அளவற்றது. அதன் மகள் ஃபிஃபியும் பின்னர் தாயைப் போலவே நல்ல தாயாயிற்று. ஃப்ளோ பேரக்குட்டியையும் கண்டது. 1972-இல் ஃப்ளோ ஓர் ஓடைக்கரையில் இறந்தது. அதன் இளைய மகன் ஃப்ளிண்ட் உணவை வெறுத்து, சோர்ந்து, சில வாரங்களுக்குள் தானும் இறந்தது. லண்டன் சண்டே டைம்ஸ் இதழ் ஃப்ளோவுக்கு இரங்கற் குறிப்பே வெளியிட்டது!

1967-இல் ஜேனுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. குழந்தை வளர்ப்பில் தமக்கு ஃப்ளோவும் ஆசிரியை என்றார் அவர். ஆனால், சிம்பன்ஸிகள் மனிதக் குழந்தையையும் இரையாக்கக்கூடும் என்பதை அறிந்திருந்தமையால், கம்பிவலையிட்ட தாழ்வாரத்தில் மகனைக் காத்தார். அன்பு கொண்டவர் ஆயினும் விலங்கின் இயல்பை அவர் மறக்கவில்லை. மகனுக்குப் பள்ளிப் பருவம் வந்தபோது ஒரு கடினமான முடிவு எடுக்க நேர்ந்தது. பிள்ளை போர்ன்மத் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். தன் மகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற அதே மார்கரெட், இப்போது பாட்டியாகிப் பேரனை ஏற்றுக்கொண்டார். உலகம் புகழ்ந்த அந்தப் பணியின் பின்னே ஒரு தாயின் பிரிவும் ஒரு பாட்டியின் உழைப்பும் உண்டு. இதனை நாம் மறத்தலாகாது.

1974-இல், இல்லறம் குலைந்து மனம் கலங்கியிருந்த காலத்தில், அவர் பாரீஸ் நகரின் நோத்ர் தாம் பேராலயத்துள் நுழைந்தார். வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் காலைக்கதிர் பாய, திடீரென ஆர்கன் இசை எழுந்தது. இத்தனை அழகும் பொருளும் வெறும் தற்செயலாகத் தோன்றியிருக்க இயலாது என்று அவர் உள்ளம் உணர்ந்ததாம். 1999-இல் வெளியிட்ட தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

1991-இல் தார் எஸ் ஸலாம் நகரில், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு மாணவர்களோடு அவர் தொடங்கிய இளைஞர் இயக்கம் பல நாடுகளில் பரவியது. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றுக்கும் பணி செய்வது அதன் நோக்கம். முதிர்ந்த வயதிலும் ஆண்டில் ஏறத்தாழ 300 நாள்கள் பயணம் செய்து பேசினார். இறுதி மூச்சும் அத்தகைய பயணத்தின்போதே, கலிபோர்னியாவில் பிரிந்தது.

அன்புள்ள பெற்றோரே, பாட்டிமாரே! வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரிக்கும் நல்வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் உண்டு. அந்த ஆசீரின் பொருள் அன்றாடம் நம் முற்றத்தில் விளங்க வேண்டாமா? நாய்க்குட்டியின்மேல் சிறுவன் கல்லெறிகையில் நாம் சிரித்தால், அவன் கொடுமையை விளையாட்டென்று கற்கிறான். அணிலையும் எறும்பையும் பற்றி அவன் ஓயாது வினவுகையில் 'போடா, வேலையைப் பார்' என்றால், கேட்பதையே நிறுத்திவிடுகிறான். வேலைக்குச் செல்லும் தாய்க்கு அவகாசமில்லாத நாளில், பேரனின் கேள்விக்குச் செவி கொடுக்கப் பாட்டி இருக்கிறாரன்றோ? கோடையில் மாடியில் பறவைகளுக்கு ஒரு சட்டித் தண்ணீர் வைக்கும் பணியை அவனிடம் ஒப்படையுங்கள். வைத்தானா என்று நாள்தோறும் அன்போடு கேளுங்கள்.

குழந்தை சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் மனத்தை நம் இல்லங்களிலுள்ள முதியோர் அனைவருக்கும் இறைவன் அருள்வாராக.