மரத்துப்போன இடம்

2018-ம் வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றக் கூரைமேல் ஏறிய என் வீட்டுக்காரர் தவறிக் கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆரணியில் இருபது வருஷமாகக் குழித்தறியில் பட்டு நெய்தவர். நாடாவுக்குக் கை வேண்டும், மிதிக்குக் கால் வேண்டும். முதலாளி கொடுத்த பாவு தறியில் பாதியில் நின்றது. பையன் ஒன்பதாவது, பெண் ஆறாவது.

சபையார் பார்க்க வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பணம் கட்டினார்கள், அதை மறக்கமாட்டேன். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர், "இது சோதனைம்மா, பின்னாடி பெரிய ஆசீர்வாதம் இருக்குது" என்றார்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது!

நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். ராத்திரி ஜெபமும் செய்தேன். வாய் சொல்லும், மனசு கணக்குப் பார்க்கும். அழுகை வரவில்லை. அதைப் பார்த்து எல்லோரும் என்னை விசுவாசமுள்ளவள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வேலூர் பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு நிலையத்தில் அவரைச் சேர்த்தோம். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டாருக்கும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தால் அரை மணிக்கு ஒரு தரமாவது இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவேண்டும். ராத்திரி கண்ணாடி வைத்து இடுப்பு, குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நமக்கானால் ஒரே பக்கம் உட்கார்ந்தால் வலிக்கும், தானாக நகர்ந்துகொள்வோம். அவருக்கு வலி சொல்லாது. சொல்லாத இடத்தில்தான் புண் வைக்கும்.

அந்த நிலையத்தை 1966-ல் உண்டாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ் என்று அங்கே வேலை செய்த ஒரு அக்கா சொன்னார். கொச்சிப் பக்கத்துப் பெண். 1954 ஜனவரியில் மற்ற இளம் டாக்டர்களோடு போன வண்டி விபத்தாகி, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். வயது இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ. முகத்திலும் தழும்பு. அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துகிறவர். கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவர்தான் யோசனை சொன்னாராம். அப்படியே சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் கத்தி பிடித்தார். பிறகு பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் பயிற்சி பெற்று வந்து, தன்னைப்போல் முடங்கியவர்களுக்காக இந்த இடத்தை ஏற்படுத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ, 1986-ல் மரணம்.

இதில் என்னைப் பிடித்து உலுக்கியது பட்டமோ படிப்போ அல்ல. குஷ்டரோகத்திலும் கை மரத்துத்தான் போகிறது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால்தான் விரல்கள் பாழாகின்றன என்பதைக் கண்டு சொன்னவர்களில் பிராண்டும் ஒருவர். ஆக, கால் மரத்த ஒரு பெண், கை மரத்தவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள்! அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்து படுத்தேன்.

வீடு திரும்பிய பத்தாம் நாள் நான் ரேஷனுக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்த இவருடைய அத்தை, பாசத்தில், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இவர் பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்து பார்க்கும்போது தோல் கொப்பளித்திருந்தது. இவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்!

"உணர்ச்சி வரட்டும்னுதான்டி வெச்சேன்" என்று அத்தை அழுதார். "எனக்குத் தெரியவே இல்லயேம்மா" என்றார் இவர்.

(உணர்ச்சியில்லாத இடத்தில் வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ கூடவே கூடாது. யார் சொன்னாலும் வைக்காதீர்கள்.)

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கர்த்தரிடம் சண்டை போட்டேன். "ஏன் இவரை? ஏன் எங்களை?" என்று கேட்டேன். சபையில் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் அத்தனை மாதமாகச் சொன்ன ஸ்தோத்திரத்தில் இல்லாத ஒன்று அந்தச் சண்டையில் இருந்தது. எதிரில் ஒருவர் இருந்து கேட்கிறார் என்றல்லவா சண்டை போடுகிறோம்? விடிய விடிய அழுதேன். வலித்தது. வலித்ததும்தான் இவ்வளவு நாளும் எனக்கு எங்கே மரத்திருந்தது என்று தெரிந்தது.

பிராண்ட் பிற்காலத்தில் வலி என்பது ஒரு வரம் என்றே புத்தகம் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கூரையிலிருந்து விழுந்ததை வரம் என்று என் வாயால் சொல்ல வராது. ஏன் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதிலும் கிடைக்கவில்லை.

பாதியில் நின்ற பாவை நான் எடுத்து நெய்தேன். முதல் சேலைக்கு நாற்பது நாள் ஆனது, கரை கோணல்; முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். முன்பு நான் தார் சுற்ற இவர் நெய்வார். இப்போது இவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுகிறார், நான் குழியில் இறங்குகிறேன். "இழை அறுந்துது பாரு, கண்ணு எங்க வெச்சிருக்க?" என்று அங்கிருந்தே அதட்டல் வேறு.

கஷ்டப்படும் வீட்டுக்கு இப்போது நானும் போகிறேன். கொண்டுபோன குழம்பைக் கொடுத்துவிட்டு, அவர்கள் திட்டினாலும் கடவுளையே ஏசினாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் கண்ணாடி எடுக்கிறோம். பெண் டார்ச் பிடிப்பாள். நேற்று இவர் உட்காரும் இடத்தில் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு. சிவப்பு மறைகிறவரை நாற்காலியில் உட்காரக்கூடாது. குப்புறப் படுத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். இன்றைக்குத் தாரும் நானேதான் சுற்றுகிறேன்.