என்.எம்.ஆர். ஏட்டோடு நின்றால் போதுமா?

வேதியியல் பட்ட வகுப்பின் இறுதியாண்டுக்கு வந்த எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. “எத்தில் ஆல்கஹாலின் என்.எம்.ஆர். நிறமாலையை வரைந்து விளக்குக” என்பதே அந்தக் கேள்வி. நாமும் வரைகிறோம். மூன்று இடங்களில் முகடுகளை எழுப்புகிறோம், ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் பிளக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்த முகடுகளை எழுதிய கருவியைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு மாதிரியைக் குழாயில் இட்டு, தன் கையாலேயே நிறமாலை எடுத்தவர் எத்தனை பேர்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும் அல்லவா?

மேசைமேல் வைக்கத்தக்க சிறிய என்.எம்.ஆர். கருவி ஒன்று, நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அது ஆராய்ச்சியாளருக்காக மட்டும் வந்தால் போதாது. இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் இயக்குவதற்காக வர வேண்டும்.

முதலில் இக்கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு மிகச்சிறிய காந்தம். சுழலும் பம்பரம் தலை சாய்ந்து ஆடுவது போல, காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அந்தக் கருவும் ஆடுகிறது. புலம் வலுவானால் ஆட்டமும் விரைவாகும். பழனிமலைப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். நாம் குடிக்கும் ஒரு குவளை நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் இந்தப் புலத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 1,700 முறை ஆடிக்கொண்டிருக்கின்றன. அதே நீரைச் சுமார் 14,000 காஸ் வலிமையுள்ள காந்தத்துக்குள் வைத்தால் ஆட்டம் விநாடிக்கு 6 கோடி முறை ஆகிறது. இதைத்தான் 60 மெகாஹெர்ட்ஸ் கருவி என்கிறோம். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் கரு அதனை ஏற்றுப் பதில் தருகிறது. இதுவே அணுக்கருக் காந்த உடனிசைவு.

எல்லா ஹைட்ரஜன் கருக்களும் ஒரே அதிர்வெண்ணில் பதில் தந்தால் வேதியியலாருக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை. கருவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்கள் புலத்தைச் சற்றே மறைக்கின்றன. ஆக்சிஜனுக்கு அருகில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு மறைப்பு குறைவு. கார்பன் சங்கிலியின் கோடியில் இருப்பதற்கு மறைப்பு அதிகம். ஆகவே கோடுகள் இடம் பெயர்கின்றன. பத்து இலட்சத்தில் சில பங்கே வரும் இந்தச் சிறு நகர்வுதான் மூலக்கூறின் அமைப்பைச் சொல்கிறது.

கோடு நகர்ந்ததைக் கண்டு உண்மையை உணர்ந்த கதை நம் மலைக்குப் புதிதன்று. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1909-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், சூரியப் புள்ளியின் நிறமாலையில் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதை ஜான் எவர்ஷெட் கண்டார். புள்ளியின் மையத்திலிருந்து ஆவி வெளிநோக்கிப் பாய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகம் அதனை இன்றும் அழைக்கிறது. அவர் கண்ட நகர்வுக்குக் காரணம் வேகம். நாம் காணும் நகர்வுக்குக் காரணம் எலக்ட்ரான் மறைப்பு. காரணம் வேறு, ஆனால் சிறு நகர்வை அலட்சியம் செய்யாத மனப்பான்மை ஒன்றே. எவர்ஷெட் கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துச் சீர்செய்தவர் என்பதும் மாணவர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி.

என்.எம்.ஆர். துறையிலும் இந்தியர் பின்தங்கி நின்றதில்லை. பிளாக், பர்செல் ஆகிய இருவரும் இந்நிகழ்வைக் கண்டறிந்ததற்காக 1952-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அதாவது 1951-ல், எத்தில் ஆல்கஹால் மூன்று தனித்தனிக் கோடுகளைத் தருகிறது என்று காட்டிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. அதன் ஆசிரியர் மூவர்: ஆர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு. நடுவில் நிற்கும் எஸ்.எஸ். தர்மட்டி நம் நாட்டவர். பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தவரும் அவரே. அதே 1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஜி. சூர்யன், பாயும் திரவங்களில் அணுக்கரு உடனிசைவு பற்றி எழுதினார். நாம் தேர்வில் வரையும் மூன்று முகடுகளுக்குப் பின்னால் ஓர் இந்தியரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த முகடுகளை நம் கல்லூரிகளில் ஒருமுறையேனும் எழுப்பிப் பார்க்க இன்றும் வழியில்லை.

இதற்கு நேற்றுவரை நியாயமான காரணம் இருந்தது. 1961-ல் வந்த வேரியன் ஏ-60 என்ற 60 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குப் பெரிய மின்காந்தமும் தனி அறையும் தேவைப்பட்டன. பிறகு வந்த 300, 400 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் மீகடத்துக் காந்தத்தால் இயங்குபவை. அவற்றுக்குத் திரவ ஹீலியமும் திரவ நைட்ரஜனும் ஓயாமல் ஊற்ற வேண்டும். மலைப்பாதையில் அவற்றைக் கொண்டுவந்து கல்லூரிச் செலவில் காப்பாற்றுவது நடக்கிற காரியமன்று.

மேசைக் கருவிகள் இந்த நிலையை மாற்றியிருக்கின்றன. அரிய மண் உலோகங்களால் ஆன நிலைக்காந்தத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, நடுவில் சீரான புலத்தை உண்டாக்குகிறார்கள். ஹீலியம் வேண்டாம், சாதாரண மின்சாரமே போதும். 60, 80, 100 மெகாஹெர்ட்ஸ் அளவுகளில் இவை கிடைக்கின்றன. மின்சாரம் நின்றால் காந்தம் அழியாது. ஆனால் காந்தத்தின் வெப்பநிலை மாறினால் புலமும் மாறும் என்பதால், மீண்டும் நிலைப்படச் சில மணி நேரம் ஆகலாம். மழைக்காலத்தில் மின்தடைக்குப் பழகிய நாம் ஒரு மின்கல அடுக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

குறைகளை மறைத்துப் பரிந்து பேசுவது அறிவியலாகாது. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நகர்வு என்பது 60 ஹெர்ட்ஸ். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதுவே 400 ஹெர்ட்ஸ். ஆனால் அண்டைக் கருக்களால் நேரும் பிளவு இரண்டிலும் மாறாது. பெரும்பாலும் 7 ஹெர்ட்ஸ் அளவிலேயே நிற்கும். ஆகவே சிறிய கருவியில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நிற்கும். உணர்திறனும் குறைவு. அந்தப் புலத்தில் கீழ்மட்டத்திலும் மேல்மட்டத்திலும் உள்ள கருக்களின் வேறுபாடு, மொத்தத்தில் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 5 மட்டுமே. அந்த ஐந்தின் குரலைத்தான் கருவி கேட்கிறது. சிக்கலான புதிய பொருளின் அமைப்பைக் காண வேண்டுமானால் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களிலுள்ள பெரிய கருவிகளுக்குத்தான் மாதிரியை அனுப்ப வேண்டும். மேசைக் கருவி அவற்றுக்கு மாற்று அன்று; அவற்றுக்குச் செல்லும் முதற்படி.

இந்த முதற்படியால் நம் ஊருக்கு என்ன பயன்? கொடைக்கானல் கடைவீதியில் வரிசையாக நிற்கும் தைலப் புட்டிகளை எண்ணிப் பாருங்கள். வெளியூரார் வாங்கும்போது, “இது அசல் தைலந்தானா?” என்ற கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. இலையைக் கொண்டுவந்து, ஆவியில் காய்ச்சி, நேர்மையாக வடிப்பவனிடம் தன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. கலப்படம் செய்பவனிடமும் அதே வாய்ச்சொல்தான் இருக்கிறது. இருவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவது நேர்மையாளனுக்கு நேரும் அநீதியல்லவா?

யூகலிப்டஸ் தைலத்தின் முதன்மைப் பொருள் சினியோல். பிரிட்டிஷ் மருந்து நூல் அது 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. சினியோல் மூலக்கூறில் மூன்று மெத்தில் தொகுதிகள் உண்டு. அவற்றுள் இரண்டு ஒரே இயல்புடையவை, அவை 1.24 அளவில் ஒரே முகடாக நிற்கும். மூன்றாவது 1.05 அளவில் தனியே நிற்கும். 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இவற்றின் இடைவெளி ஏறக்குறைய 11 ஹெர்ட்ஸ்; பிரித்துக் காண இது போதும். பரப்புகளின் விகிதம் இரண்டுக்கு ஒன்று. சினியோலில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால், 4.5 முதல் 6 வரையுள்ள பகுதியில் அதற்கு முகடே கிடையாது.

இனி, டர்பன்டைன் கலந்திருந்தால் அதிலுள்ள பைனீன் 5.2 அருகே முகடு காட்டும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் 5.3 அருகிலும், கிளிசரால் பகுதியால் 4.2 அருகிலும் முகடுகள் எழும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் 0.9, 1.3 அளவுகளில் முகடுகள் வந்து விழுந்து, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் குலைத்துவிடும். எலுமிச்சை மணமுள்ள வேறு வகை யூகலிப்டஸின் தைலமானால், சிட்ரோனெல்லால் என்ற ஆல்டிஹைடு 9.7 அருகே தனித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு விலையுயர்ந்த டியூட்டீரியம் கரைப்பான்கூட வேண்டியதில்லை. அரை மில்லிலிட்டர் தைலத்தை 5 மில்லிமீட்டர் குழாயில் அப்படியே விட்டுச் சில நிமிடங்களில் நிறமாலை எடுத்துவிடலாம்.

இயற்கைத் தைலத்திலேயே சிறிதளவு பைனீனும் லிமோனீனும் உண்டு என்பதை மறக்கலாகாது. ஆகவே 5.2-ல் ஒரு சிறு முகடு கண்ட உடனே ‘கலப்படம்’ என்று கூவுவது தவறு. நாமே இலையை வடித்து எடுத்த தைலத்தோடு ஒப்பிட்டுப் பரப்பை அளந்து பேச வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கலப்பை அறிய வாயு நிறச்சாரல் பிரிகையே சிறந்தது. சட்டப்படி சான்று தரும் அதிகாரமும் கல்லூரிக்கு இல்லை. எனினும் ஓர் ஆண்டு முழுதும் மாணவர் எடுத்த நிறமாலைகளைத் தொகுத்து வைத்தால், இம்மலைத் தைலம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் தகுதி நம் துறைக்கு வந்துவிடும். வடிப்பவரும் நம் வாசலுக்கு வருவார்.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். விலை பல பத்து இலட்சம் ரூபாய் என்பது முதல் மறுப்பு. உண்மைதான். அதனால்தான் ஒரு கல்லூரிக்கு ஒன்று என்று கேட்கவில்லை. அருகருகே உள்ள மூன்று நான்கு கல்லூரிகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். கருவி ஓரிடத்தில் இருக்கட்டும். மாணவர் முறைவைத்து வரட்டும்.

“அக்காலத்து அறிஞர்கள் என்.எம்.ஆர். இல்லாமலே சாதிக்கவில்லையா?” என்பது இரண்டாவது மறுப்பு. சாதித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியும் அரசுக் கல்லூரிதான். அங்கே 1950-களில் டி.ஆர். கோவிந்தாச்சாரி தம் மாணவர்களுடன் நஞ்சறுப்பான் கொடியின் டைலோஃபோரின் போன்ற காரப்போலிகளை ஆராய்ந்து உலகின் கவனத்தை ஈர்த்தார். ஆனால் அம்மாணவர்கள் பொருளைத் தம் கையால் பிரித்தார்கள், படிகமாக்கினார்கள், உருகுநிலை பார்த்தார்கள். இன்றைய மாணவனோ பொருளையும் தொடுவதில்லை, கருவியையும் தொடுவதில்லை. அச்சிட்ட படத்தை மட்டும் தொடுகிறான். முன்னோர் எடுத்துக்காட்டு கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை; கைவேலை வேண்டும் என்றே சொல்கிறது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. “வாங்கினாலும் பூட்டித்தானே வைப்பீர்கள்?” மாணவர் தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முதுமையடையும் கருவிகள் எந்தக் கல்லூரிக்கும் புதியவை அல்ல. பார்வையாளர் வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படும் கருவி வாங்கப்படாமல் இருப்பதே மேல். ஆகவே கருவியோடு சில விதிகளும் வர வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாதிரியையேனும் தாமே தயாரித்து, புலத்தைச் சீராக்கி, நிறமாலை எடுத்து, பரப்பை அளந்து, செய்முறை ஏட்டில் ஒட்ட வேண்டும். யார், எந்நாள், எந்த மாதிரி என்று பதிவேடு இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் அப்பதிவேட்டைப் பார்த்தே கருவியின் பயனை அளக்க வேண்டும். பராமரிப்புக்கான தொகையைக் கொள்முதலின்போதே ஒதுக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கருவிகளுக்கான பட்டியல் அனுப்பப்படும்போது இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். அண்டைக் கல்லூரித் துறைத் தலைவர்களோடு கலந்து பேசுங்கள். மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாலை வடிகலம் நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. தைல மரமும் அருகிலேயே இருக்கிறது. இலையை வடித்து, அடர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் அளந்து, மாதிரிகளைத் தேதியிட்டு இறுக மூடிக் குளிர்ந்த இருட்டில் இப்போதே சேர்த்து வையுங்கள். கருவி வந்திறங்கும் நாளில் அதனுள் வைக்க ஒரு குழாயேனும் நம் கையில் ஆயத்தமாக இருக்கட்டும்.